அப்பாவுக்கு, டென்மார்க்கின் லிம்ஃபியோர்டு கரையிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் மாப்பிள்ளைக்குக் காற்றாலை கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவன் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான ஆரம்ப வகுப்பில் இருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் போட்டுத் தேய்த்தால் மட்டும் போதாது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

போன ஞாயிறு நம் பள்ளியைப் பற்றி, தலைமை ஆசிரியராக நீங்கள் போனில் சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. “ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்று கணக்குப் போட்டு ஒரு டீச்சரை உபரி என்று எழுதிவிடுவார்கள். மே மாதம் நான் ஓய்வு பெறும்போது பள்ளிக்கூடத்துக்கும் ஓய்வுதான்” என்றீர்கள். அந்தக் குரலில் அப்படி ஒரு களைப்பை நான் கேட்டதே இல்லை அப்பா. பக்கத்தில் அம்மா இருந்ததால் மேலே எதுவும் பேசவில்லை. போனில் பேசியது காற்றோடு போய்விடும், கடிதமானால் இரண்டு தரம் படிப்பீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பற்றி இதுவரை முழுசாக உங்களிடம் சொன்னதில்லை. அது சின்னக் கிறிஸ்தவப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு வரை உண்டு. சுற்றிலும் கோதுமை வயலும் பன்றிப் பண்ணையும்தான். பெற்றோரே நடத்துகிற பள்ளி அது. இந்த நாட்டில் 1814இலேயே படிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெற்றோர் தாங்களே கூடிப் பள்ளி தொடங்கலாம். அதற்கு 1855இல் தனிச்சட்டமும் வந்தது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கை அரசாங்கம் தருகிறது. மீதிக்கு நாங்கள் மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறோம். அதிலும் பற்றாதது கைவேலையாக வர வேண்டும்.

பிள்ளைக் கணக்கு பற்றிய பயம் இங்கேயும் உண்டு அப்பா. இவர்களுக்கு செப்டம்பர் 5 தான் எண்ணும் நாள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பேரோ அதை வைத்துத்தான் மானியம். புதுப்பள்ளி தொடங்கினால் முதல் ஆண்டு 14 பிள்ளைகள், அடுத்த ஆண்டு 24, மூன்றாம் ஆண்டிலிருந்து 32 பேராவது இருக்க வேண்டும் என்று சட்டம். கிராமத்தில் ஜனம் குறைந்துகொண்டே போகிறது. ஆகஸ்ட் மாதத்துப் பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் முகத்தைப் பார்த்தேன். உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் அந்தக் கவலையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. கரும்பலகையில் எண்ணை எழுதினார், இத்தனை பேர் குறைகிறது என்றார், உட்கார்ந்துவிட்டார். பிறகு பேசியதெல்லாம் பெற்றோர்தான். எந்த வீட்டில் அடுத்த வருஷம் ஆறு வயதாகிற பிள்ளை இருக்கிறது, யார் போய்ப் பார்ப்பது, தூரத்துப் பிள்ளைகளை யார் காரில் ஏற்றி வருவது என்று அங்கேயே பிரித்துக்கொண்டார்கள். முடிவில் ஒருவர் ஜெபித்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. இவர்கள் நம்மைப்போல் உரக்க ஜெபிக்கிறவர்கள் இல்லை. ஆனால் ஜெபித்துவிட்டுச் சும்மா போகிறவர்களும் இல்லை.

வருஷத்தில் சில சனிக்கிழமைகள் வேலை நாள். வாசல் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு குடும்பமும் பெயர் எழுத வேண்டும். இந்தத் தடவை எனக்கு ஜன்னல் வந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுசு அடிப்பது. என்னோடு இருந்தவர் ஒரு பன்றிப் பண்ணைக்காரர், இன்னொருவர் பல் டாக்டர். டாக்டரம்மாவுக்குச் சுரண்டத் தெரியவில்லை, பண்ணைக்காரர் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். நிர்வாகக் குழுத் தலைவர் அந்தப் பக்கம் சாக்கடைக்குள் கையை விட்டு இலையை வாரிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு எல்லோரும் கூடி ஒரு பாட்டு, அப்புறம் காப்பி, டீச்சர்கள் வீட்டில் சுட்டு எடுத்து வந்த ரொட்டி. என் பிள்ளைகள் அம்மா பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே ஓடி ஆடினார்கள். திங்கட்கிழமை பெரியவள் தன் வகுப்பு முழுவதையும் அந்த ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாளாம்.

சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வசந்த காலத்தில் கூரை ரிப்பேரா, விளையாட்டுத் திடலா என்று பெரிய வாக்குவாதம். குரல் உயர்ந்தது, இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓட்டுக்கு விட்டார்கள், கூரை ஜெயித்தது. திடல் வேண்டும் என்று கடைசிவரை வாதாடினவர்தான் வேலை நாளில் ஏணியில் முதலில் ஏறியவர். அன்று சாயங்காலம் அவரைப் பற்றி வீட்டில் வெகுநேரம் பேசினோம்.

சின்னவன் விஷயம் சொல்ல வேண்டும். அவன் வந்த புதிதில் வாயையே திறக்கவில்லை. பாஷை தெரியாது. தெரிந்த நாலு வார்த்தை சொல்லவும் பயம். இந்தப் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பெரிய வகுப்பிலிருந்து ஒரு தோழனைக் கட்டிவைத்திருக்கிறார்கள். இவனுக்கு வாய்த்தவன் எட்டாம் வகுப்பு, ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். காலையில் எல்லோரும் கூடிப் பாடும்போது பேசாமல் இவன் பின்னால் வந்து நிற்பான், பாட்டுப் புத்தகத்தில் வரியை விரலால் காட்டிக்கொண்டே வருவான். அவ்வளவுதான் செய்தான், பல வாரம்.

அதைவிட எனக்குப் பிடித்தது பள்ளி விடுகிற நேரம். வகுப்பு டீச்சர் கதவண்டை நிற்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து, கண்ணைப் பார்த்து, அன்றைக்கு அந்தப் பிள்ளை செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புவார். கெட்டிக்காரன், சமர்த்து என்று பொத்தாம்பொதுவாக இல்லை. ஒருநாள் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். “இன்றைக்கு அந்தப் பாப்பாவுக்குக் கொக்கி எட்டவில்லை, நீ அவள் கோட்டை வாங்கி மாட்டினாய், நான் பார்த்தேன்” என்றார் இவனிடம். இவன் ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறியதும் என்னிடம் தமிழில், “அம்மா, டீச்சர் பார்த்தாங்களாம்” என்றான். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் பேச ஆரம்பித்துவிட்டான் அப்பா. இப்போது நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் கிறிஸ்டன் கோல்ட். இதே லிம்ஃபியோர்டு கரையில் உள்ள திஸ்டெட் ஊரில் 1816இல் ஒரு செருப்புத் தைப்பவருக்கு மகனாகப் பிறந்தவர். வேதபாடத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் திணிக்க மாட்டேன், கதையாகச் சொல்லித்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றதால் அவருக்குப் பள்ளி வேலையே கிடைக்காமல் போனது. பிறகு 1850களின் தொடக்கத்தில் ஃபூன் தீவில் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். போதகர் குருண்ட்விக்தான் அவருக்குப் பக்கபலம். இங்கே இன்றைக்கும் வேதக் கதையைப் புத்தகம் பார்த்து வாசிப்பதில்லை, சொல்கிறார்கள். நான் அதைக் கேட்டபோது உங்களைத்தான் நினைத்தேன். தாவீது ஐந்து கூழாங்கல் பொறுக்கியதைச் சொல்லும்போது நீங்கள் கெடிலம் ஆற்றில் இறங்கியவர் மாதிரி குனிந்து பொறுக்குவீர்கள். மூன்றாம் வகுப்பில் நாங்கள் அத்தனை பேரும் கூடவே குனிவோம். அதில் சபைப் பிள்ளை எத்தனை, மற்றப் பிள்ளை எத்தனை என்று யார் பார்த்தது?

போன மாதம் அறுப்பின் பண்டிகை வைத்தார்கள். நம்மைப்போலவே ஏலம்! ஆப்பிள் ஜாம், பூசணி, முட்டை, கையால் பின்னிய காலுறை எல்லாம் மேசையில். நான் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். ஏலம் விட்டவர் ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டினார், விலை ஏறிக்கொண்டே போனது. எடுத்தது ஒரு வயதான அம்மா. நேராக என்னிடம் வந்து எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அத்தை திருக்கோவிலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் என்று அவர் நாக்கில் ஊர்ப் பெயர்கள் வரவர எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 1860களில் டேனிஷ் மிஷன்காரர்கள் தென்னாற்காட்டுக்கு வந்து நமக்குப் பள்ளி வைத்தார்கள். அப்போது இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முட்டை விற்று, காலுறை பின்னித்தான் மிஷனுக்குக் காசு சேர்த்தார்களாம். நம் பள்ளியின் பழைய கட்டடத்தில் அந்தக் காசும் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், தானே புயல் அடித்த அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. நீங்கள் தலைமை ஆசிரியர் பொறுப்புக்கு வந்த புதிது. ஓடு முழுவதும் போய்விட்டது, வேப்பமரம் சத்துணவுக் கூடத்தின் மேல் விழுந்து கிடந்தது. நீங்கள் ஒருத்தரையும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். கொத்தனார் கூலி வேண்டாம் என்றார். கரும்பு வெட்டுகிறவர்கள் அரிவாளோடு வந்து மரத்தைத் துண்டு போட்டார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் கோவிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் “நம்ம பள்ளிக்கூடம்” என்றுதான் சொன்னார்கள். அவரவர் வீட்டுக் கூரையே போயிருந்த நேரம் அது. சபைப் போதகர் ஐயர் ஜெபம் செய்தபோது அத்தனை பேரும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு நாம் அவர்களை எதற்குக் கூப்பிட்டோம் அப்பா? பெற்றோர் ஆசிரியர் கழகம் கையெழுத்து வாங்கத்தான் கூடுகிறது. அவர்களுக்கு நம் பள்ளியில் ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. இந்தப் பக்கம் மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வந்து நிற்கிறது. வேனோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் தன் கையால் சுண்ணாம்பு அடித்த சுவரை விட்டு ஒரு தகப்பன் பிள்ளையை அவ்வளவு சுலபமாக வேறு இடத்துக்கு அனுப்ப மாட்டான் என்று நான் நம்புகிறேன். இங்கே கண்ணால் பார்க்கிறேன்.

இங்கே இருக்கிறவர்களுக்கு வசதி உண்டு, சனிக்கிழமை லீவும் உண்டு, நம் ஜனத்துக்குச் சனிக்கிழமைதான் கூலி என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு வையுங்கள், மத்தியானத்துக்குள் முடிகிற வேலையாக இருக்கட்டும். கரும்பு அரவை தொடங்கிவிட்டால் ஆள் கிடைக்காது, அதற்கு முன்னால் வைத்தால் நல்லது. முதல் தடவை பெரிதாக எதுவும் வேண்டாம். கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, முன்சுவருக்கு வெள்ளை, இவ்வளவு போதும். கொத்தனாரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸ் அடித்து அனுப்ப வேண்டாம். தாய்மார்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். காலை உணவுத் திட்டம் நம் மாதிரி உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்த பிறகு காலையிலேயே பள்ளிக்கு வருகிற தாய்மார் அதிகம் என்று அம்மா சொன்னாள். அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். கூடியதும் அந்த எண்ணை மறைக்காமல் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். எத்தனை பிள்ளை இருக்கிறது, எத்தனை இருந்தால் இரண்டு டீச்சரும் நிற்பார்கள் என்று. அடுத்த ஜூனில் எந்த வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. டீக்கடையில் ஒரு தகப்பனைப் பார்த்தால் அவன் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் நீங்கள் வந்ததில்லை. “உன் மக நேத்து ஏழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொன்னாடா” என்று கூப்பிட்டுச் சொல்வீர்கள். அந்த ஆள் அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிவார். உங்களுக்கு இப்போது அந்த மாதிரி சொல்ல ஆளில்லை என்பதுதான் என் துக்கம். அதனால் நான் சொல்கிறேன். கடலூரிலிருந்து பஸ் இல்லாத நாளில் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு வந்து பள்ளியைத் திறந்தீர்களே, நான் பார்த்தேன் அப்பா. உபரி என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அழுத அந்தச் சின்ன டீச்சரை வீட்டுக்கு அழைத்து அம்மா கையால் சாப்பாடு போட வைத்தீர்களே, அதையும் பார்த்தேன்.

இங்கே போன குளிரில் எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது மாப்பிள்ளை வெளியூர் வேலையில் இருந்தார். பள்ளித் தாய்மார்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அம்மாவிடம் சொல்லாமல் விட்டதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள், அப்போதே சரியாகிவிட்டது.

பெயிண்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகிற பணத்தை அம்மா கணக்கில் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டுச் செலவை மட்டும் நான் தரமாட்டேன், அது அவரவர் வீட்டிலிருந்து வரட்டும், அப்போதுதான் அது அவர்கள் வேலை நாளாக இருக்கும். ஐயரிடமும் தாளாளரிடமும் பேசிவிட்டு எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு நான்கரை மணி நேர வித்தியாசம். நீங்கள் பதினொன்றரைக்குக் கூட்டம் தொடங்கினால் இங்கே காலை ஏழு மணி. பிள்ளைகளையும் எழுப்பிவைத்து வீடியோவில் வருகிறேன், போனைக் கரும்பலகை தெரிகிற மாதிரி வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்