செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ஓடும் நிலையில் ஓர் ஆல்கோ டீசல் ரயில் எஞ்சின் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ரயில்வே ஷெட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் லைனிலும் உழைத்து ஓய்வு பெற்ற மூத்தோர்களே, சங்கத்தில் சேர்ந்திருக்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களின் பெயர்களைத் தலைவர் வாசித்து மௌன அஞ்சலி முடிந்தது. அவர்களில் ஷெட் லேபில் (சோதனைக்கூடத்தில்) இருந்த அண்ணனைப் பற்றி மட்டும் சில வரிகள் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும். பிட்டில் (அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல்) நிற்கும் எஞ்சினிலிருந்து ஒரு சிறு பாட்டிலில் லூப் ஆயில், அதாவது மசகு எண்ணெய், எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்போம். சோதித்துவிட்டு, "செம்பும் ஈயமும் ஏறியிருக்கு, மெயின் பேரிங்கைப் பாருங்க" என்பார். சோடியம் ஏறியிருந்தால் கூலிங் தண்ணீர் எங்கோ எண்ணெயில் கலக்கிறது என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். இந்த அனுபவத்தைப் பதிவு செய்ய அவர் வீட்டில் ஒரு ஞாயிறு உட்கார்ந்தோம். மிச்சத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றோம். மழையால் தள்ளிப்போட்டோம். பிறகு ஏதேதோ வேலை. அவர் போய்விட்டார். இந்தத் தாமதம் முழுக்க என் பொறுப்பு. அதனால்தான் இவ்வாண்டு மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டு பதிவு வேலையை முதலில் வைத்தோம்.

தென்னக ரயில்வேயின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. நாம் கை அழுக்காகி வளர்ந்த டீசல் ஷெட்டுகளில் இன்று மின்சார எஞ்சின்கள் நிற்கின்றன. இதில் நமக்கு வருத்தம் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். சும்மா நிற்கும் ஆல்கோ மணிக்குச் சுமார் 25 லிட்டர் டீசல் குடித்தது. பேட்டரி கைவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று பயந்து, இரவெல்லாம் அணைக்காமலே விட்டோம். அந்தச் செலவும் புகையும் போனது நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கண்டம் செய்யப்பட்டு (இனி உதவாது என்று ஒதுக்கப்பட்டு) ஸ்கிராப்புக்குப் போகும்போது, அவற்றோடு ஒரு தொழில் அறிவும் போகிறது. நம் கவலை அதுதான்.

ஆல்கோ என்றால் என்ன என்று இளைய உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டபிள்யூடிஎம்-2 என்பது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்த அகலப்பாதை டீசல் எஞ்சின். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். 1962இல் இறக்குமதியாக வந்தது. 1964 முதல் வாரணாசியிலேயே செய்தோம். ஆல்கோ 1969இல் மூடப்பட்ட பிறகும், அதன் எஞ்சினை நம் நாடு பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தது. 3100 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-3ஏ, 3300 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-3டி எல்லாம் அதே வம்சம். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4ம் அதே வம்சம்தான். அதற்கு 6 சிலிண்டர். பாண்டியன், வைகை எக்ஸ்பிரஸ்களை மீட்டர் கேஜ் காலத்தில் இழுத்த எஞ்சின் அது. வாடகைக்கு மலேசியாவுக்கும் போய் ஓடியது.

பதிவுகளில் என்னை உலுக்கியது ராமேஸ்வரம் வண்டி ஓட்டிய ஓர் ஐயாவின் பேச்சு. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விட மாட்டார்கள். மண்டபம் பக்கம் சிக்னலுக்காகக் காத்து நிற்கும்போது, எஞ்சின் ஐடிலில் துடிப்பதும் கடல் இரைவதும் ஒன்றாகக் கேட்கும் என்றார். 2007இல் பாம்பன் அகலப்பாதை ஆனது. அதற்கு முந்திய காலத்தை ஓட்டிக் காட்டியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும் உறுப்பினர்கள் தயவுசெய்து இந்த மாதமே என்னிடம் சொல்லுங்கள்.

இவ்வாண்டுச் சுற்றுலா நீலகிரிக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி. நம் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கட்டிய எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களும் அந்தப் பல்சக்கரப் பாதையில் ஏறுகின்றன. அந்த வேலையில் கை வைத்த நம் உறுப்பினர்கள் பேச்சில்லாமல் நின்றார்கள். குன்னூரில் எஞ்சின் மாற்றி, ஊட்டி வரை ஒய்டிஎம்-4. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அந்த 6 சிலிண்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனோம். கேத்தியில் வண்டி நின்றபோது, பிட்டில் முப்பது வருடம் நின்ற நம் உறுப்பினர் ஒருவர் பிளாட்பாரத்தில் இறங்கிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்ஜெக்டர் ஒண்ணு சரியில்ல" என்றார். கூட வந்த கல்லூரி மாணவர்கள் இருவர் அன்றே உறுப்பினர் படிவம் கேட்டு வாங்கினார்கள்.

இனி முக்கியமான விஷயம். ஓர் ஆல்கோவையாவது ஓடும் நிலையில் வைத்துக் காக்க வேண்டும் என்று நாம் மனு தயாரித்திருக்கிறோம். மியூசியத்தில் பெயிண்ட் அடித்து நிறுத்துவது நல்லதுதான். ஆனால் சத்தமில்லாத ஆல்கோவைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பெரிய இரும்புப் பெட்டி. மேலும், நிற்க விட்ட எஞ்சின் உள்ளே துருப்பிடித்துவிடும். பிறகு எழுப்புவது மிகக் கடினம்.

ஆகவே மனுவில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வேலைமுறையையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். டிப் ஸ்டிக், கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) எண்ணெய், தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். நீண்ட நாள் நின்றிருந்தால் சிலிண்டர்களின் டெஸ்ட் காக் (சிறு திறப்புக் குழாய்) எல்லாம் திறந்து வைத்துக் கையால் எஞ்சினைச் சுற்றி, சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு பேட்டரி ஸ்விட்ச் போட்டு, எரிபொருள் பம்பை ஓடவிட்டு, பிரஷர் ஏறும்வரை காத்திருந்து, ஸ்டார்ட் பட்டனை லூப் ஆயில் பிரஷர் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மெயின் ஜெனரேட்டரே அந்த நொடிகளில் மோட்டாராகி எஞ்சினைச் சுழற்றும். இதை மாதம் ஒருமுறை செய்ய நல்ல பேட்டரியும் தெரிந்த கைகளும் போதும். கைகள் நம்மிடம் இருக்கின்றன. சம்பளம் வேண்டாம், அனுமதி கொடுத்தால் போதும் என்று மூத்தோர் பலர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்துத் தாள் மேசையில் உள்ளது. போகும்போது பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மற்றவை: வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் டீ குடிக்கும் முன்பே கட்டிவிட்டால் நல்லது. நூலகத்துக்கு வந்த பழைய மெயின்டனன்ஸ் கையேடுகளைக் கரையான் தின்னாதபடி பிரித்து வெயிலில் காயவைத்து உறை போட்ட சகோதரிகளுக்கு நன்றி. அவர்களில் பலர் ஷெட் ஊழியர்களின் பிள்ளைகள். அப்பாவின் கையெழுத்தை ஓரக்குறிப்பில் கண்டுபிடித்து ஒருவர் அழுததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்த ஆண்டுக்குப் பதிவு வேலை, மனு, ஷெட்டில் புழங்கிய தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் முன்வைக்கிறேன். பட்டியலுக்கு ஒரு நோட்டு வாசலில் வைத்திருக்கிறோம். நினைவுக்கு வரும் சொல்லை எழுதிப் பக்கத்தில் எந்தச் செக்‌ஷன் என்றும் குறிப்பிடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி