நாஃப்லியோவிலிருந்து அப்பா

பாப்பா,

நேற்று போனில் "ஊர் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய், நான் வாய் திறப்பதற்குள் வார்டில் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன், முடிந்தபோது படி.

ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கடலோரத்தில் சின்ன ஊர், சந்துக்குச் சந்து காகிதப்பூக் கொடி, மாடிக்கு மாடி துணி காய்கிறது. 1834 வரைக்கும் கிரேக்கத்துக்கு இதுதான் தலைநகரம் என்றதும் அம்மா நம்பவே இல்லை.

புனித ஸ்பிரிடான் கோயிலுக்குப் போனோம். நம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பள்ளம், அதன் மேல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட இடம். நாட்டின் முதல் ஆளுநர் கப்போடிஸ்ட்ரியாஸ் 1831 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்கு வந்தபோது இங்கேதான் கொன்றார்கள். அவர் சிறையில் வைத்திருந்த ஒரு பெரிய குடும்பத் தலைவரின் சகோதரரும் மகனும் செய்தது. இத்தாலியில் பதுவாவில் மருத்துவம் படித்தவர் அவர், உன் தொழில்தான். போரில் நொறுங்கிக் கிடந்த நாட்டைத் தூக்கி நிறுத்த வந்தவர், அரசாங்கச் சம்பளம்கூட வேண்டாம் என்றாராம். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை, ஒரு கிழவி உள்ளே போகிறபோது அந்தச் சுவரைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பலமிதி கோட்டைக்கு நான் மட்டும்தான் ஏறினேன், அம்மாவுக்கு முழங்கால் வலி. வெனிஸ்காரர்கள் 1711-இல் ஆரம்பித்து 1714-இல் முடித்தார்கள், அடுத்த வருடமே துருக்கியரிடம் போய்விட்டது. படிகள் 999 என்று ஊரார் சொல்கிறார்கள், எண்ணிப் பார்த்தவர்கள் அவ்வளவு இல்லை என்கிறார்கள். நானும் எண்ண ஆரம்பித்தேன், ஆனால் பாதியில் திரும்பிக் கடலைப் பார்த்தேன், நடுவில் பூர்ட்ஸி கோட்டை தண்ணீரில் வைத்த பெட்டி மாதிரி இருந்தது, அப்புறம் எண்ணவில்லை.

ஆனால் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது காபி. சின்னக் கோப்பையில் தூளோடு ஊற்றித் தருகிறார்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நடுத்தர இனிப்புக்கு மெட்ரியோ என்று கேட்க வேண்டும். வந்தவுடன் குடித்தால் வாயெல்லாம் தூள், அது அடியில் படியும் வரை உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். நாமாகக் கேட்கும் வரை பில்லும் வராது. பக்கத்து மேசைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் கையில் ஒரு மணிமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். கொம்பொலோய் என்று பேர், ஜெபமாலை மாதிரி இருக்கிறது, ஆனால் ஜெபத்துக்கு இல்லை, சும்மா கைக்குத்தான். மணி ஒன்றோடொன்று மோதும் அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நீ நின்றபடியே டீயை விழுங்கிவிட்டு ஓடுவது நினைவுக்கு வந்து மனசு கனத்துவிட்டது பாப்பா.

உனக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன், கறுப்பு மணி, கோட்டுப் பையில் அடங்கும். அடுத்த மே மாதம் பத்து நாள் லீவு கேட்டுப் பார், நீ வந்தால் அம்மாவும் மெதுவாக அந்தப் படி ஏறிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா