இறக்கத்தில் இன்ஜினை அணைப்பதால் பெட்ரோல் மிச்சமாவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு என்று எந்த மலைப்பாதையில் நின்று பார்த்தாலும், சத்தமே இல்லாமல் இறங்கி வரும் கார்கள் சில கண்ணில் படும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, அடிவாரம் வரை உருட்டியே வருகிறார்கள். லிட்டர் நூறு ரூபாய் விற்கும்போது மிச்சம் பிடிக்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் இன்றைய கார்களில் இந்த வழியில் மிச்சம் என்று எதுவும் கிடையாது. போவது பிரேக்கும் ஸ்டீயரிங்கும்.

இந்தப் பழக்கம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பிய கார்புரேட்டர் காலத்தது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் சும்மா ஓடுவதற்கான (ஐட்லிங்) ஜெட் வழியாகப் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அன்றைய டிரைவர்களின் கணக்கு ஓரளவு சரிதான். 2000-ஐ ஒட்டி, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடிவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடப் போகாது. சுழற்சி ஐட்லிங் அளவை நெருங்கும்போதுதான், வண்டிக்கு வண்டி சற்று மாறுபட்டு, இன்ஜெக்டர்கள் மறுபடி திறக்கும். சிறிய கார் இரண்டாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது சுழற்சி 2000 ஆர்.பி.எம். பக்கம் இருக்கும். ஆகவே இறக்கம் நெடுக இன்ஜெக்டர் பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். காலைக் குளிரில் வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்கள் மட்டும் விதிவிலக்கு. இன்ஜின் சூடேறும் வரை இந்த வசதி வேலை செய்யாது.

நியூட்ரலில் போட்டால்தான் செலவு. இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும். சிறிய காருக்கு மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் வரை பிடிக்கும். "அணைத்து இறக்கினேன், ஒரு லிட்டர் மிச்சம்" என்பவர்கள் நியூட்ரலில் இறங்குவதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். கியரில் இறங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இருக்காது. மீட்டரில் அந்தந்த நொடியின் மைலேஜ் காட்டும் வசதி உள்ள வண்டியில் யாரும் இதைச் சரிபார்க்கலாம். கியரில் காலை எடுத்ததும் கோடு உச்சிக்குப் போய் நிற்கும்.

இனி இழப்பைப் பார்ப்போம். பிரேக் பெடலை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பதற்குக் காரணம், காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் வேக்குவம் பூஸ்டர். அதற்கு வேண்டிய வேக்குவம், இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். அணைத்த பிறகு பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாக இறுகிவிடும். பலமடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும். வண்டியை நிறுத்திவைத்தே இதை உணரலாம். இன்ஜினை அணைத்து நான்கு முறை பிரேக்கை மிதியுங்கள், பெடல் இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் சற்றே கீழிறங்கும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கசிவு இருக்கிறது. மலை ஏறும் முன் பார்த்துவிட வேண்டும்.

பவர் ஸ்டீயரிங்கும் இன்ஜினோடு நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால், வண்டி எதிர் ஓரத்துக்குப் போய்விடும். சாவியை லாக் வரை திருப்பி வெளியே எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டியே போகும். இக்னிஷன் அணைந்தால் ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இரண்டும் இல்லை. சாவியை மறுபடி ஆனில் வைத்தால் அவை திரும்ப வரும் என்பது உண்மைதான். ஆனால் பூஸ்டருக்கு வேக்குவம் வராது.

எல்லாவற்றையும்விடப் பெரியது சூடு. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1900 மீட்டர். ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள கார் அந்த உயரம் இறங்கினால், ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்காவது கழிந்தாக வேண்டும். கியரில் வந்தால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் காற்று தடுப்பது போக மீதி அத்தனையும் பிரேக் பேடிலும் டிரம்மிலும் இறங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். டாட் 4-க்கு இது 230, 155. கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். வழியில் கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

இறங்கும்போது நேரக்கூடிய இரண்டு கோளாறுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்ஜின் நின்று பெடல் இறுகினால், விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் மிச்ச வேக்குவம் போகும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். பெடல் பஞ்சாகப் போனால் நேர்மாறு: வேகமாக அடித்து அடித்து மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், பொத்தானை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள், வண்டியை மலைச்சுவர் பக்கம் கொண்டுபோங்கள். அப்போதும் இன்ஜினை அணைக்கக் கூடாது.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய டிரைவர்களின் கணக்கு இன்றும் சரி. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டுவிடுகிறார்கள். வேகம் கூடக்கூட அது மேல் கியருக்குப் போய்விடும். எல் (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. என்ற வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளை அணைத்து உருட்டினால், ஆயில் பம்ப் நின்று கியர்பாக்ஸும் கெடும். ஏர் பிரேக் லாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்ப்ரஸர் நின்றால் டேங்கில் உள்ள காற்று தீரும் வரைதான் பிரேக். புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் அப்போதே போய்விடும். ஹைப்ரிட் கார்களில் ஓட்டத்தின் நடுவே இன்ஜின் தானாக நிற்கிறதே என்று கேட்கலாம். அவற்றில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பேட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் போகிறது. சாவியால் அணைப்பது அதற்கு ஈடாகாது.

இன்ஜினை அணைத்து மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வண்டி நிற்கும் இடம்தான். ரயில்வே கேட், நீண்ட சிக்னல், சீசனில் குன்னூர் மலைச்சாலையில் பர்லியார் பக்கம் நகராத வரிசை ஆகிய இடங்களில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுத் தாராளமாக அணைக்கலாம்.

மலைப்பாதைகளில் "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று பலகை வைத்திருக்கும் நெடுஞ்சாலைத் துறை, "இன்ஜினை அணைக்காதீர்" என்ற வரியையும் அதிலேயே சேர்க்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் சமதளத்திலேயே பயிற்சியை முடித்துவிடுகின்றன. நிறுத்திய வண்டியில் பூஸ்டர் இல்லாத பெடலை ஒருமுறை மிதித்துப் பார்க்கவாவது மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.