கரைக்கோடு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஏரியை ஒட்டிய நிலங்களில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு வருவதாகச் செய்தி படித்தேன். சரி, நல்லதுதான். ஆனால் கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று கோடு போடுவதோடு நின்றால் பாதி வேலைதான் முடியும். தண்ணீர் கெடத் தொடங்குவது மேலே, நீர்ப்பிடிப்புப் பகுதியில். அங்கே 10 சதவீத நிலம் கூரை, தார், சிமென்ட் என்று மூடப்பட்டாலே ஓடைகளின் தரம் சரியத் தொடங்கும் என்பது நீரியலில் பழைய செய்தி. எங்கள் வீட்டுப் பின்புற ஓடையில் நாணல் இருந்தவரை மழைநீர் ஓரளவு தெளிந்தே வந்தது. நாணலை வழித்துத் தளம் போட்டார்கள். அடுத்த மழையிலேயே எண்ணெய்ப் படலம், அப்புறம் கோடையில் பச்சைப் பாசி.

மனை அனுமதியிலேயே தளம் போடக்கூடாத பரப்பையும், கழிவுநீர்த் தொட்டிக்கும் ஓடைக்கும் இடையிலான தூரத்தையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம். கட்டி முடித்த பின் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும்.