முளைக்காத விதைகள் குறித்து விதை நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: மாடித்தோட்ட வாடிக்கையாளர், பெரம்பூர், சென்னை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: முளைப்புத்திறன் இழந்த மிளகாய், வெங்காய விதைகளை விற்றது தொடர்பாக

ஐயா,

ஆடிப்பட்டத்துக்கென்று உங்கள் சென்னைக் கடையில் கத்தரி, மிளகாய், சின்ன வெங்காய விதைகள் வாங்கினேன். கத்தரி பரவாயில்லை. மிளகாயில் நாலைந்து நாற்றுகள்தான் தலைகாட்டின. வெங்காயத்தில் ஒன்றுகூட இல்லை. தொலைபேசியில் முறையிட்டால், "தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்" என்று உங்கள் ஊழியர் பேச்சை முடித்துவிட்டார். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது.

மீதி மிளகாய் விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். எங்கள் வீட்டுச் செடியிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, இறுக மூடிய டப்பாவில் போட்டிருந்த விதைகளையும் அதே துணியில் இன்னொரு முடிச்சாகக் கட்டினேன். வீட்டு விதைகள் பெரும்பாலும் வெள்ளை வேர் விட்டன. உங்களுடையவை ஊறிப் பழுப்பேறிப் பூசணம் பிடித்தன. இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான். பழுது விதையில் இருக்கிறது.

காரணம் பாக்கெட்டிலேயே தெரிகிறது. வெறும் காகித உறை. அதில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருவேறிக் காகிதத்தில் கறை படிந்திருக்கிறது. இரும்பையே அரித்த ஈரம் விதையை விட்டுவைக்குமா? முளைப்புச் சோதனைத் தேதியின் மேல் விலைச் சீட்டை ஒட்டியிருக்கிறீர்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சோதனை நடந்து ஓராண்டு கடந்துவிட்டது. சான்று பெற்ற விதைக்கே முதலில் 9 மாதம்தான் செல்லுபடிக் காலம், மறுசோதனையில் தேறினால்தான் நீட்டிப்பு. வெங்காய விதையோ இயல்பிலேயே அற்பாயுள் கொண்டது.

விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்ற ஹாரிங்டன் விதி உங்கள் தொழிலின் அரிச்சுவடி. கோடையில் 40 டிகிரியைத் தொடும், ஆண்டு முழுவதும் கடற்காற்றின் ஈரம் விலகாத இந்த ஊரில், காகித உறையில் போட்டுக் கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் அடுக்கினால் எந்த விதை பிழைக்கும்? குளிர்பெட்டியில் வைத்தாலும் காற்றுப்புகாத உறை வேண்டும். இல்லையென்றால் வெளியே எடுத்ததும் வியர்த்து மேலும் கெடும்.

மிளகாய்க்குக் குறைந்தது 60, வெங்காயத்துக்கு 70 சதவீத முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது நாட்டின் விதைத் தரநிர்ணயம். ஆகவே பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதே லாட் (தொகுதி) எண் கொண்ட பாக்கெட்டுகளை விற்பனையிலிருந்து எடுத்து மறுசோதனைக்கு அனுப்புங்கள். இனி நன்கு உலர்த்திய விதையை அலுமினியத் தாள் உறையில் அடைத்து, சோதனைத் தேதியை மறைக்காமல் விற்பனை செய்யுங்கள். பணம் சிறிதுதான்; போன பட்டம் திரும்ப வராது என்பதே என் ஆதங்கம்.

15 நாள்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், விதை ஆய்வாளரிடமும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். பிரிக்காத வெங்காய விதைப் பாக்கெட் ஒன்றை அதற்காகவே பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பாக்கெட், ஈரத்துணிச் சோதனையின் புகைப்படங்கள்