செடிச் சந்தை: ஸ்காபரோவிலிருந்து அப்பாவுக்கு

ஸ்காபரோ, ரொறன்ரோ
வைகாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கே நலம். உங்களுடையதும் அம்மாவுடையதும் சுகத்தை அறிய ஆவல். சனசமூக நிலையத்தின் கூரையைத் திருத்தப் பணம் போதவில்லை என்றும், வெளிநாட்டிலுள்ள ஊரவர்களிடம் மறுபடியும் கேட்கலாம் என்று செயற்குழுவில் சிலர் சொல்கிறார்கள் என்றும் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கேட்டால் தருவோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் நீர்வேலி போன்ற தோட்டக்காரர் ஊர், கூரைக்குரிய பணத்தின் ஒரு பங்கையாவது தன் மண்ணிலிருந்தே எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றச் செய்தவை, இங்கே இளவேனிலில் நடைபெறும் செடிச் சந்தைகள்.

இந்த நாட்டில் நடுகைக்குரிய நாளை முடிவு செய்வது மழையன்று, உறைபனி. சித்திரையில் வெயில் எறிக்கும், மரங்கள் துளிர்க்கும். அதை நம்பித் தக்காளியை வெளியில் நட்டால், மே மாதத்தின் ஓர் இரவுக் குளிரில் அது கருகிப் போய்விடும். ஆகவே மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்ரோறியா தினத்தை எல்லை போல வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னரே தக்காளி, மிளகாய், கத்தரி முதலியவற்றை நடுவது இங்குள்ளவர்களின் வழக்கம். நாற்றுகளோ மாசி, பங்குனியிலேயே, வெளியில் பனி கிடக்கும்போது, வீட்டின் நிலக்கீழ் அறையில் மின்விளக்கு வெளிச்சத்தில் முளைத்துவிடுகின்றன. முளைக்காத விதைக்கும் சேர்த்துத்தான் எல்லோரும் போடுவார்கள். எல்லாம் முளைத்துவிட்டால், ஆறு கன்றுக்கு இடமுள்ள வீட்டில் முப்பது கன்று நிற்கும். அந்த மிச்சமே சந்தைக்கு வருகிறது.

ஒன்ராறியோ மாகாணத்தில் ஊருக்கு ஊர் தோட்டக்கலைச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றிணைக்கும் தாய்ச்சங்கம் 1906ஆம் ஆண்டில் தொடங்கியது என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சங்கங்களைத் தவிர தேவாலயங்களும் பாடசாலைப் பெற்றோரும்கூட, மே மாதத்துச் சனிக்கிழமைகளில், வாகனத் தரிப்பிடத்தில் மேசைகளைப் போட்டுச் செடி விற்கிறார்கள். கடையில் ஒரு செடிக்குக் கொடுக்கும் காசில் இங்கே மூன்று நான்கு வாங்கலாம். சேரும் பணம் பூங்காவின் பூப்பாத்திக்கோ, மாணவர் உதவிக்கோ, சங்கத்தின் செலவுக்கோ போகிறது.

மலிவு ஒரு காரணம்தான். சனம் விடியற்காலையில் வரிசையில் நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்குள்ள பூச்செடிகளில் பெரும்பகுதி, பனிக்காலத்தில் மேற்பகுதி முழுவதும் மடிந்து, வேரில் உயிரை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மறுபடியும் எழுபவை. அவை சில ஆண்டுகளில் பற்றையாகப் பெருகி, நடுப்பகுதி வெறுமையாகி, பூப்பதும் குறையும்; அப்போது கிண்டியெடுத்து, வேரோடு பிரித்து நட வேண்டும். வாழைப் புற்றில் குட்டி கழிப்பது போன்ற வேலைதான் இது. அப்படிப் பிரித்த பங்கு சந்தைக்கு வருகிறது. அது எங்கள் தெருவின் களிமண்ணிலேயே பல பனிக்காலங்களைத் தாண்டிய செடி. தொலைவில் கண்ணாடிக் கூடத்தில் ஊட்டி வளர்த்துப் பூவோடு கடையில் நிறுத்தப்படும் செடிக்கு அந்தச் சாட்சியம் இல்லை.

வளர்த்தவரே மேசைக்குப் பின்னால் நிற்பது அதைவிடப் பெரிய வசதி. வெயிலா நிழலா, எவ்வளவு உயரம் வரும், முயல் தின்னுமா என்று கேட்டால், தன் வளவில் கண்டதைச் சொல்வார். தக்காளி நாற்றைத் தந்த ஒரு முதிய இத்தாலியப் பெண், அதை உடனே நட வேண்டாம் என்று எனக்குக் கட்டளையே இட்டார்: முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் வைத்து, பிறகு காற்றுக்கும் வெயிலுக்கும் சிறிது சிறிதாகப் பழக்கி, ஏழு முதல் பத்து நாள் கழித்தே மண்ணில் இறக்க வேண்டுமாம். மிளகாய் நாற்றுமேடையின் ஓலை மறைப்பை நீங்கள் ஒரே நாளில் எடுத்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஒவ்வொரு சாடியிலும் பெயர் எழுதிய சிறு குச்சி செருகியிருக்கும். பேனா மை வெயிலில் மங்கிவிடும் என்பதால் பென்சிலால்தான் எழுதுவார்கள்.

எங்கள் சனமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். தமிழ்க் கடைகளின் வாசலில் வைகாசி பிறந்ததும் பசளி, பயற்றை, பாகல், புடோல், வெண்டி என்று கன்றுகள் வந்துவிடும். வீட்டு முற்றத்திலேயே மேசை போட்டு விற்கும் அன்ரிமாரும் இருக்கிறார்கள். கறிவேப்பிலைக்குத்தான் பெரிய மதிப்பு. அதைச் சாடியில் மட்டுமே வைத்திருக்க முடியும். புரட்டாதியில் இரவு குளிரத் தொடங்கியதும் வீட்டுக்குள் எடுத்து, வெயில் படும் ஜன்னலோரத்தில் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். கிணற்றடியில் தானாக முளைத்து நிற்கும் வேர்க்கன்றுகளை அம்மா பிடுங்கி எறிவதை இங்குள்ளவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எல்லாச் செடியும் வாங்கத்தக்கதன்று என்பதையும் எழுத வேண்டும். இலவசமாக அள்ளித் தரப்படும் செடியைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகமே வரும்; ஒருவருடைய வளவில் அளவுக்கு மிஞ்சிப் பெருகுவது, என்னுடையதிலும் பெருகாமல் விடாது. கௌட்வீட் என்று ஒன்று உண்டு; வெள்ளைக் கரையோடு அழகான இலை, ஆனால் வேர்த் துண்டு ஒன்று தங்கினாலும் பாத்தி முழுவதும் படர்ந்துவிடும். பார்த்தீனியம் எங்கள் தோட்டங்களைப் படுத்திய பாட்டைக் கண்ட உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. துள்ளும் மண்புழு என்ற வெளிநாட்டுப் புழு ஒன்றும் சாடி மண்ணோடு பரவுகிறது. அது நன்மை செய்யும் மண்புழு அன்று. நிலத்தின் மேல்மக்கை வேகமாகத் தின்று தீர்ப்பது. அதனால் சில சங்கங்களில் இப்போது வேரை நன்றாகக் கழுவி, புதிய மண்ணில் வைத்த செடியைத்தான் ஏற்கிறார்கள்.

இந்நிலத்துக்கே உரிய செடிகளை மட்டும் விற்கும் சந்தைகளும் பெருகி வருகின்றன. அங்கே எனக்கு வியப்பளித்தது மில்க்வீட் என்னும் பால்செடி. 2014 வரை ஒன்ராறியோ அரசின் களைப் பட்டியலில் இருந்த அதை, இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். மொனார்க் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த இனச் செடிகளின் இலையை மட்டுமே தின்னும். இங்கே வளரும் பூச்சி இலையுதிர் காலத்தில் மெக்சிக்கோ மலைகள் வரை பறந்து போகிறது. இந்தச் செடி எங்கள் எருக்கலையின் குடும்பம். எருக்கலையில் புழு வைக்கும் எங்கள் ஊர்ச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கின் நெருங்கிய உறவு. ஒழுங்கையோர எருக்கலையை இனி வெட்ட வேண்டியிருந்தால், இலையில் புழு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

இனி எங்கள் ஊர்க் காரியம். கார்த்திகையில் மரம் நடும் வழக்கம் இப்போது வடக்கெங்கும் பரவியிருப்பதால், கன்று தேடுவோர் அந்நேரத்தில் நிச்சயம் இருப்பார்கள். மழை பிடிக்கும் முன், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலையத்தின் முற்றத்திலேயே சந்தையை வைக்கலாம். ஆவணியிலேயே வீடு வீடாகச் சொல்லிவிட்டால், கறிவேப்பிலை வேர்க்கன்று, மாதுளைப் பதியம், தேசிக்கன்று, செவ்வரத்தைத் தடி, மல்லிகைப் பதியம் எல்லாம் பையில் வேர் பிடித்திருக்கும். வாழைக்குட்டிக்கு நோயில்லாத தோட்டத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள். வாடல் கண்ட புற்றிலிருந்து ஒரு குட்டி வந்தாலும் நிலையத்தின் பெயர் கெட்டுவிடும். வேலிக் கதியாலும் முருங்கைத் தடியும் கேட்டால் சும்மா கொடுக்கும் பொருள்கள். அவற்றுக்கு விலை வைத்தால் சனம் முகம் சுளிக்கும், ஆகவே செடி வாங்குவோருக்கு அவற்றை இனாமாகக் கொடுக்கலாம். பெயர்க்குச்சி எழுதும் வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் விடுங்கள். இதனால் கூரை முழுவதும் எழும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. குறைகிற தொகையை நாங்கள் இங்கே சேர்த்து அனுப்புகிறோம்.

செயற்குழுவில் பேசி என்ன முடிவாயிற்று என்று எழுதுங்கள். பாகல் விதையைத் தபாலில் அனுப்பப் போவதாக அம்மா தொலைபேசியில் சொன்னார். இப்போது அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். மண் ஒட்டிய எதையும் இந்நாட்டுக்குள் விட மாட்டார்கள், விதைக்கும் விதிமுறைகள் உண்டு. எதற்கு அனுமதி இருக்கிறது என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்