நத்தைக்கு ஒரு வசூல்

செம்பூர்க் குடியிருப்புத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழாவுக்கு வீடு வீடாக வந்த அதே ரசீதுப் புத்தகம்தான். ஆனால் இந்த முறை கேட்பது நத்தைக்காக. மூன்றாம் மாடி மாமி "நத்தைக்கா?" என்று வாய்விட்டுச் சிரித்தார், அப்புறம் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார்.

பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் அலை தெறிக்கிற இடத்தில் ஒட்டிக்கிடக்கும் குட்டி நத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். கடலை நம்பியே வாழும் குடும்பம் அது. அதில் ஒரே ஒரு கிளை மட்டும் மலையேறி நன்னீருக்குப் பழகிவிட்டது. அந்தக் கிளைக்கு 1869இல் பிளான்ஃபோர்டு என்ற ஆய்வாளர் வைத்த பெயர் கிரெம்னோகாங்கஸ். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. முதலில் தெரிந்த மூன்று இனங்களும் நம் மகாராஷ்டிரப் பக்கத்தவை; ஒன்றின் பெயரிலேயே, அந்த மலைக்கு இங்கே வழங்கும் பெயரான சஹ்யாத்ரி இருக்கிறது. கர்நாடகப் பக்கத்து ஆறு புதிய இனங்களை 2013இல் விவரித்தார்கள்.

போன ஜூலையில் மலைக்குப் போனபோது, விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் அருவியோரப் பாறையில் காட்டினார். கொண்டைக்கடலையை விடச் சிறிய ஓடு. உள்ளங்கை அகல இடத்தில் ஏழெட்டு, சாரல் ஈரத்தில் பாசி மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டடி மேலே ஒருவர் தலைக்கு ஷாம்பு போட, நுரை வழிந்து அவற்றின் மேலேயே இறங்கியது. சொன்னதும் நிறுத்திவிட்டார், நல்ல மனிதர். "ஒரு போர்டுகூட இல்லையே" என்றார். அதுவும் நியாயம்தானே. கோடையில் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கிற ஜீவன், மழைக்காலத்தில்தான் வெளியே வந்து மேயும். நாமும் சரியாக அப்போதுதான் படையெடுக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளோடு பஸ்ஸில் அந்த மலைக்கே போகப்போகிறோம். அங்கே நட மராத்தியிலும் இந்தியிலும் இரண்டு பலகைகள், 12,000 ரூபாய். வனத்துறைக்கு எழுதியிருக்கிறோம், அவர்கள் காட்டும் இடத்தில்தான் நடுவோம். பிள்ளைகளுக்கு நாற்பது கைலென்ஸ், 6,000. குப்பை பொறுக்கக் கோணிப்பையும் கையுறையும் 4,000. இரண்டு பஸ் வாடகை 26,000. பாதிக்கு மேல் பஸ்ஸுக்கே போகிறதே என்று எங்களுக்கும் உறுத்தல்தான். குறைந்த வாடகைக்கு யாராவது பேசி முடித்தால் இன்னொரு பலகை வைக்கலாம்.

ஆக மொத்தம் 48,000. இதுவரை சேர்ந்தது 19,500. ஐம்பது ரூபாயானாலும் ரசீது உண்டு. ஞாயிறு காலை பத்து மணி முதல் பொருளாளர் சங்க அறையில் இருப்பார்.

பஸ்ஸில் வருகிறவர்கள் ரெயின்கோட் கொண்டுவாருங்கள். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஒரு நத்தையைக்கூட பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்